காத்து வர்ற வழி: ஜன்னலோட கதை

வீட்டு விளம்பரங்களைக் கவனிச்சுப் பாருங்க. படத்துல இருக்குற வீட்டுக்கு ஜன்னலே இருக்காது. தரையில ஆரம்பிச்சு கூரை வரைக்கும் ஒரே கண்ணாடி. வெளியே நாலு பனைமரம், உள்ளே ஒரு வெள்ளை சோபா. அந்த சோபாவுல மட்டும் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டாங்க. (மேற்கு வெயில் மூஞ்சியில அடிக்கும்ல, எப்படி உட்காருவாங்க? :-))

இந்தக் கண்ணாடிச் சுவர் எங்கேயிருந்து வந்தது, யாருக்காக வந்ததுன்னு தோண்ட ஆரம்பிச்சா வரி, அரசியல், வேதியியல், கோர்ட் கேஸுன்னு எங்கெங்கேயோ கொண்டுபோய் விட்டுது. கொஞ்சம் நீளமான பதிவு. காபி எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

முதல்ல பேரு

'ஜன்னல்' தமிழ்ச் சொல் இல்லை. சாவி, மேசை, அலமாரி மாதிரி இதுவும் போர்ச்சுகீசியர்கள் கப்பல்ல வந்து இறங்கினதுதான். அவங்க மொழியில 'ஜனேலா'. அதுக்கு முன்னாடி நம்மகிட்ட சாளரம், பலகணி, காலதர்னு சொற்கள் இருந்தன. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது காலதர். கால்னா காற்று, அதர்னா வழி. காத்து வர்ற வழி, அவ்வளவுதான். சிலப்பதிகாரத்துலேயே இந்தச் சொல் வருது. வடமொழியில 'கவாட்சம்'னா மாட்டுக்கண். நம்ம பலகணியிலயும் ஒரு கண் ஒளிஞ்சிருக்கு.

ஆங்கிலத்துல 'விண்டோ'ங்கிற சொல் பழைய நார்ஸ் மொழியிலேர்ந்து வந்தது. அதோட அர்த்தம் 'காற்றுக்கண்'. எங்கேயோ பனியில உறைஞ்சு கிடந்த ஆளும், காவிரிக்கரையில வேர்த்துக்கிட்டு இருந்த ஆளும் சுவத்துல இருக்குற ஓட்டையைப் பார்த்துட்டு ஒரே மாதிரி யோசிச்சிருக்காங்க. ரெண்டு பேருக்குமே முதல்ல தோணினது காத்துதான். வெளிச்சம், வேடிக்கை எல்லாம் அப்புறம்.

ஜன்னலுக்கு மூணு வேலை: காத்து, வெளிச்சம், பார்வை. ஆரம்பத்துல இந்த மூணும் ஒரே ஓட்டை வழியாத்தான் வந்தாகணும். வெளிச்சம் வேணும்னா குளிரும் கூடவே வரும். இந்த மூணையும் பிரிச்சு, வேணுங்கிறதை மட்டும் உள்ளே விட்ட பொருள் கண்ணாடி. நவீன ஜன்னலோட வரலாறுங்கிறது பெரும்பாலும் இந்தப் பிரிவினையோட வரலாறுதான்.

கண்ணாடி = பணம்

ரோமானியர்கள் கி.பி. முதல் நூற்றாண்டுலேயே ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டிருக்காங்க. பாம்பேயில (நம்ம பம்பாய் இல்லை, இத்தாலியில எரிமலைச் சாம்பல்ல புதைஞ்ச ஊர்) கிடைச்சிருக்கு. ஆனா அதுக்கப்புறமும் நூற்றாண்டுக் கணக்குல ஐரோப்பாவுல சாமானியன் வீட்டு ஜன்னல்ல கண்ணாடி கிடையாது. மரக்கதவு, எண்ணெய் தடவின துணி, மெல்லிசா சீவின மாட்டுக்கொம்பு, இப்படி எதையாவது வெச்சு அடைச்சாங்க. கண்ணாடி தேவாலயத்துக்கும் பிரபு வீட்டுக்கும்தான்.

இங்கிலாந்துல டெர்பிஷயர் பக்கத்துல ஹார்ட்விக் ஹால்னு ஒரு மாளிகை. பெஸ் ஆஃப் ஹார்ட்விக்னு ஒரு பணக்காரச் சீமாட்டி 1590களில் கட்டினது. முகப்பு முழுக்க ராட்சச ஜன்னல்கள். சுவரை விடக் கண்ணாடிதான் அதிகம்னு ஊரே பாட்டுக் கட்டிக் கிண்டல் அடிக்கிற அளவுக்கு. அந்தம்மாவுக்கும் அதுதான் வேணும். "என்கிட்ட எவ்வளவு இருக்குன்னு பாருங்கடா"ன்னு ஊருக்குச் சொல்ற விளம்பரப் பலகை அது.

எது பணக்காரனோட அடையாளமோ, அதுமேல அரசாங்கத்தோட கண் விழாம இருக்குமா?

ஜன்னல் வரி

1696. மூன்றாம் வில்லியம் ஆட்சி. வெள்ளி நாணயங்களோட ஓரத்தை எல்லாரும் சுரண்டிச் சுரண்டி எடுத்ததுல காசோட எடையே குறைஞ்சுபோச்சு. எல்லாத்தையும் திரும்ப வாங்கி உருக்கிப் புதுசா அடிக்கணும். அந்த நஷ்டத்தைக் கட்ட ஒரு வரி வேணும்.

அதுக்கு முன்னாடி அடுப்பு வரின்னு ஒண்ணு இருந்தது. வீட்டுல எத்தனை அடுப்புன்னு எண்ணி வசூல் பண்றது. அதுக்கு அதிகாரி வீட்டுக்குள்ள வந்தாகணும். சமையலறை வரைக்கும் வர்றவனை யாருக்குப் பிடிக்கும்? ஜனங்க கடுப்பாகி, 1689-ல அதை எடுத்துட்டாங்க. அதனால இந்தத் தடவை வேற ஐடியா. ஜன்னலை எண்ணுவோம்! தெருவுல நின்னே எண்ணிடலாம். பெரிய வீடுன்னா ஜன்னல் அதிகம், ஜன்னல் அதிகம்னா பணக்காரன். நம்ம பாஷையில சொன்னா, வருமானத்தை அளக்க முடியலை, அதனால அதுக்கு ஒரு ப்ராக்ஸி.

எல்லா வீட்டுக்கும் 2 ஷில்லிங். 10 ஜன்னலுக்கு மேல போனா கூடுதலா 4 ஷில்லிங், 20-க்கு மேல போனா கூடுதலா 8. கேக்க நியாயமாத்தான் இருக்கு.

1747-ல விதியை மாத்தினாங்க. 2 ஷில்லிங் அப்படியே இருக்கும். அதுக்கு மேல 10லேர்ந்து 14 ஜன்னல் வரைக்கும் இருந்தா ஒவ்வொரு ஜன்னலுக்கும் 6 பென்ஸ். 15லேர்ந்து 19 வரைக்கும் 9 பென்ஸ். 20-க்கு மேல 1 ஷில்லிங். இதுல கவனிக்க வேண்டியது 'ஒவ்வொரு' ஜன்னலுக்கும். 9 ஜன்னல் இருக்குறவனுக்கு ஜன்னல் கணக்குல ஒண்ணும் இல்லை. பத்தாவது ஜன்னலை வெச்சுட்டா பத்துக்கும் சேர்த்து 60 பென்ஸ், அதாவது 5 ஷில்லிங். மொத்த வரி ரெண்டுலேர்ந்து ஏழாத் தாவுது. ஒத்தை ஜன்னலுக்கு!

கோட் எழுதுறவங்களுக்கு இது எங்கே போய் முடியும்னு இப்பவே புரிஞ்சிருக்கும். எங்கெல்லாம் 'இஃப்' கண்டிஷன் இருக்கோ அங்கெல்லாம் மனுஷன் எல்லைக்கு ஒரு அடி முன்னாடி போய் நின்னுக்குவான். வாலஸ் ஓட்ஸ், ராபர்ட் ஷ்வாப்னு ரெண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் அந்தக் காலத்து (1747–57) வரிப் பதிவேடுகளை எடுத்துக் கணக்குப் பார்த்து 2015-ல ஒரு கட்டுரை எழுதினாங்க. எத்தனை வீட்டுக்கு எத்தனை ஜன்னல்னு வரைபடம் போட்டா மூணு இடத்துல கோபுரம் மாதிரி எழும்பி நிக்குது. 9, 14, 19. பத்தாவது ஜன்னலை செங்கல் வெச்சு அடைச்சுட்டாங்க, இல்லைன்னா கட்டும்போதே வைக்கலை.

இங்கிலாந்துல பழைய வீடுகள்ல அடைச்ச ஜன்னல்களை இன்னிக்கும் பார்க்கலாம். (எல்லாமே வரிக்கு பயந்து அடைச்சது இல்லை. முகப்பு ரெண்டு பக்கமும் சமமாத் தெரியணும்னு சும்மா வடிவத்துக்கு வெச்ச பொய் ஜன்னல்களும் உண்டு.) பகல் கொள்ளைங்கிற அர்த்தத்துல ஆங்கிலத்துல ஒரு பேச்சு இருக்குல்ல, அது இந்த வரியிலேர்ந்துதான் வந்ததுன்னு ஒரு கதை சுத்திக்கிட்டு இருக்கு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தச் சொல் அச்சுல வர்றது வரி ஒழிஞ்சு பல வருஷம் கழிச்சுத்தான். நம்பிடாதீங்க.

ஆடம் ஸ்மித் 1776-லேயே இந்த வரியோட ஓட்டையைச் சொல்லிட்டார். கிராமத்துப் பக்கம் வருஷம் 10 பவுண்டு வாடகை வர்ற வீட்டுல, லண்டன்ல 500 பவுண்டு வாடகை வர்ற வீட்டை விட ஜன்னல் அதிகமா இருக்கலாம். அப்போ யாரு அதிகமா வரி கட்டுறாங்க? ஏழைதான்.

அதை விடக் கொடுமை நகரங்கள்ல நடந்தது. ஒரு பெரிய கட்டடத்துல பத்து இருபது ஏழைக் குடும்பங்கள் ஒண்டுக் குடித்தனம் இருக்கும். வரிக் கணக்குல அது 'ஒரே வீடு'. எல்லா ரூம் ஜன்னலையும் கூட்டினா எல்லையை எப்பவோ தாண்டியாச்சு. வரி கட்டுறது வீட்டுக்காரன். அவன் என்ன பண்ணுவான்? ஜன்னலை அடைப்பான். வரி மிச்சம் அவனுக்கு, இருட்டும் புழுக்கமும் குடித்தனக்காரனுக்கு. தொத்து நோய்கள் ஆடின காலம் அது. காத்தும் வெளிச்சமும் இல்லாத ரூம்கள்தான் ஜனங்களைக் கொல்லுதுன்னு டாக்டர்களும் சுகாதாரச் சீர்திருத்தக்காரர்களும் 1840களில் கத்த ஆரம்பிச்சாங்க. 24 ஜூலை 1851 அன்னிக்குத்தான் வரி ஒழிஞ்சது. 155 வருஷம்! பிரான்ஸ் இன்னும் மோசம். அவங்க 1798-ல கதவுக்கும் ஜன்னலுக்கும் சேர்த்துப் போட்ட வரியை 1926 வரைக்கும் எடுக்கலை.

ஏன் சின்னச் சின்ன சதுரம்?

பழைய ஆங்கிலேய பாணி ஜன்னல்னா நமக்கு ஞாபகம் வர்றது சின்னச் சின்ன கண்ணாடிச் சதுரங்களைக் கட்டம் கட்டமா மரச்சட்டத்துல கோத்ததுதான். அழகுக்காகப் பண்ணினதில்லை. அதுக்கு மேல பெரிய கண்ணாடி கிடைக்கலை!

அப்போ செஞ்ச முறை இதுதான். உருகின கண்ணாடியைக் குழாய் நுனியில எடுத்து ஊதி, அப்புறம் ஒரு கம்பியில ஒட்டி வேகமா சுத்துவாங்க. நம்ம பரோட்டா மாஸ்டர் மாவை வீசுற மாதிரி, அது விரிஞ்சு நாலஞ்சு அடி அகலத்துக்கு ஒரு வட்டத் தட்டா ஆகும். இதுக்குப் பேரு கிரௌன் கண்ணாடி. வட்டத்துல சதுரங்களா வெட்டினா எவ்வளவு பெருசு கிடைக்கும்? நடுவுல கம்பி ஒட்டின இடம் வேற மொத்தையா, சுழி சுழியா இருக்கும். அதை ஆங்கிலத்துல மாட்டுக்கண்ணுன்னே சொல்லுவாங்க. (கவாட்சம் ஞாபகம் இருக்கா? :-)) வெளிச்சம் வரும், ஒண்ணும் தெரியாது. அதனால மலிவா வித்தாங்க, கொட்டகை மாதிரி இடங்களுக்குப் போட்டாங்க. இன்னிக்கு 'பழமையான தோற்றம்' வேணும்னு அதே சுழியை மெனக்கெட்டு மெஷின்ல செஞ்சு கூடுதல் விலைக்கு விக்கறாங்க. காலத்தோட நக்கல்.

பத்தாததுக்கு 1746லேர்ந்து கண்ணாடிக்கே தனி வரி. அதுவும் எடைக்கணக்குல. அதனால எவ்வளவு மெல்லிசா செய்ய முடியுமோ அவ்வளவு மெல்லிசா செஞ்சாங்க. கிரௌன் கண்ணாடி அதுக்குத் தோதா இருந்தது. இந்த வரி 1845-ல போச்சு.

அடுத்த ஆறே வருஷத்துல என்ன நடந்தது பாருங்க. 1 மே 1851. லண்டன் ஹைட் பார்க்ல கிரிஸ்டல் பேலஸ் திறப்பு. ஜோசப் பேக்ஸ்டன் வடிவமைச்ச இரும்பும் கண்ணாடியுமான மாளிகை. ஏறத்தாழ 3 லட்சம் கண்ணாடிகள், பெரும்பாலும் 49 அங்குலம் நீளம், 10 அங்குலம் அகலம். சான்ஸ் பிரதர்ஸ்னு ஒரு கம்பெனி, கண்ணாடியை நீள உருளையா ஊதி, அதை நெடுக்குல வெட்டி, சூடாக்கி விரிச்சு தட்டையாக்கிக் குடுத்தது. ஆளுங்க வாயால ஊதினது! மே மாசம் கண்ணாடி மாளிகை, ஜூலையில ஜன்னல் வரி ரத்து. ஒரே வருஷத்துல கண்ணாடிக்கு விடுதலை.

தகரத்துல மிதந்த கண்ணாடி

இருந்தாலும் ஒரு சிக்கல் பாக்கி. நிஜமாவே தட்டையான, அலை அலையாத் தெரியாத பெரிய கண்ணாடி வேணும்னா ரெண்டு பக்கமும் அரைச்சு அரைச்சுப் பாலீஷ் போடணும். ஏகப்பட்ட செலவு. கடை முகப்புக்கும் பணக்காரனுக்கும்தான் கட்டுப்படியாகும்.

இதைத் தீர்த்தவர் அலஸ்டர் பில்கிங்டன். இங்கிலாந்துல செயின்ட் ஹெலன்ஸ் ஊர்ல பில்கிங்டன் கண்ணாடிக் கம்பெனி இஞ்சினியர். (முதலாளி குடும்பத்துக்கும் அவருக்கும் பேரு மட்டும்தான் ஒண்ணு.) 1952-ல யோசனை வருது. உருகின கண்ணாடியை உருகின தகரத்து மேல மிதக்க விட்டா? திரவத்தோட மேல்பரப்பு தானா மட்டமாத்தான் இருக்கும். அது மேல மிதக்கிறதும் மட்டமாயிடும். அரைக்கிற வேலையே இல்லை.

ஏன் தகரம்? கண்ணாடி ஏறத்தாழ 1000 டிகிரி சூட்டுல உள்ளே வரும், 600 டிகிரி வாக்குல கெட்டியாகி வெளிய போகும். தகரம் 232 டிகிரியிலேயே உருகிடும், 1000 டிகிரியிலயும் கொதிச்சு ஆவியாகாது. அதாவது கண்ணாடி கெட்டியாகிற நேரத்துலயும் தகரம் தண்ணி மாதிரி கீழே நிக்கும். எவ்வளவு அழகான பொருத்தம்!

யோசனை ஒரு நாள்ல வந்திருக்கலாம், வேலைக்கு ஆக ஏழு வருஷம் ஆச்சு. முழு அளவு மெஷினைப் போட்ட பிறகும் 14 மாசம் விக்கத் தகுதியில்லாத கண்ணாடியாவே வந்துக்கிட்டு இருந்தது. டன் டன்னா உடைச்சுத் திரும்ப உருக்கினாங்க. மேனேஜ்மென்ட் பொறுமையா இருந்தது. (நமக்கு ரெண்டு ஸ்பிரின்ட் தாமதம் ஆனாலே மெயில் பறக்கும்.) ஜனவரி 1959-ல உலகத்துக்கு அறிவிச்சாங்க. இன்னிக்கு உங்க வீட்டு ஜன்னல்ல இருக்குறது அநேகமா இந்த மிதவைக் கண்ணாடிதான்.

படுத்த ஜன்னலா, நின்ன ஜன்னலா?

கண்ணாடி ஒரு பக்கம் மலிவாகிக்கிட்டு வர, இன்னொரு பக்கம் சுவரே தேவையில்லைன்னு ஒரு கோஷ்டி கிளம்புச்சு. பழைய வீட்டுல பாரத்தைத் தாங்குறது சுவர். அதுல அகலமா ஓட்டை போட்டா வீடு விழுந்துடும். அதனால ஜன்னல் ஒடுக்கமா, உயரமா இருந்தது. கான்கிரீட் தூண்கள் வந்ததும் பாரம் தூணுக்குப் போயிடுச்சு. சுவர் சும்மா திரைச்சீலை மாதிரி. அதுல எப்படி வேணா கிழிக்கலாம்.

லெ கொர்பூசியே இதைக் கொள்கையாவே ஆக்கினார். 1920களில் அவர் சொன்ன அஞ்சு விதிகள்ல ஒண்ணு, வீட்டோட ஒரு முனையிலேர்ந்து மறுமுனை வரைக்கும் பட்டை மாதிரி ஓடுற படுக்கை ஜன்னல். ஜெனீவா ஏரிக்கரையில அவர் அப்பா அம்மாவுக்குக் கட்டின சின்ன வீட்டுல ஒத்தை ஜன்னல், நீளம் 11 மீட்டர்! அவரோட குருவான ஓகஸ்ட் பெரே இதை ஏத்துக்கலை. ஜன்னல்னா நின்ன வாக்குல இருக்கணும், அது மனுஷன் நிக்கிற வடிவம், நின்ன ஜன்னல்லதான் வானம், தெரு, தரை மூணும் சேர்ந்து தெரியும்னார். சிஷ்யனோ, படுக்கை ஜன்னல் ரூம் முழுக்க வெளிச்சத்தைப் பரப்பும்னு புகைப்படக்காரங்க கணக்கை எல்லாம் காட்டி வாதாடினார். ரெண்டு பேரும் சண்டை போட்டது வெளிச்சத்துக்கும் பார்வைக்கும்தான். காத்தைப் பத்தி பெரிசா யாரும் கவலைப்படலைங்கிறதைக் கவனிங்க.

அது 1933-ல வந்து கடிச்சது. பாரிஸ்ல வீடில்லாத ஏழைகளுக்காக சால்வேஷன் ஆர்மிக்கு ஒரு விடுதி கட்டினார் கொர்பூசியே. தெற்குப் பக்கம் முழுக்கத் திறக்க முடியாத கண்ணாடி. ரெட்டைக் கண்ணாடியும் குளிரூட்டும் இயந்திரமும் சேர்ந்தாத்தான் அந்தத் திட்டம் வேலை செய்யும். காசு பத்தாம அந்த ரெண்டையும் வெட்டிட்டாங்க, கண்ணாடியை மட்டும் விட்டுட்டாங்க. குளிர்காலம் சமாளிச்சாச்சு. வெயில்காலம் வந்ததும் உள்ளே இருந்த குழந்தைகளும் தாய்மாரும் வெந்து போனாங்க. கடைசியில திறக்கிற ஜன்னல் வைக்க வேண்டியதாச்சு, போருக்கு அப்புறம் வெளியே வெயில் தடுப்பும் வெச்சாங்க. அந்த மனுஷன் அதுலேர்ந்து கத்துக்கிட்டார்ங்கிறதையும் சொல்லணும். 1950களில் அவர் கட்டின சண்டிகர்ல கண்ணாடிக்கு முன்னாடி ஆழமான கான்கிரீட் தடுப்புகள் வெயிலை வெளியிலேயே நிறுத்துது.

அமெரிக்காவுல 1951-ல இன்னொரு பாடம். மீஸ் வான் டெர் ரோ, ஈடித் ஃபார்ன்ஸ்வொர்த்னு ஒரு பெண் டாக்டருக்குக் கட்டின வீடு. நாலு பக்கமும் கண்ணாடி. கதவை விட்டா திறக்கிற மாதிரி இருந்தது ரெண்டே ரெண்டு சின்ன ஜன்னல். உலகமே கொண்டாடின வீடு. உள்ளே இருந்தவங்களுக்கு கோடையில சூடு, குளிர்ல கண்ணாடி முழுக்க வேர்வை, எப்பவும் யாரோ பார்க்கிற மாதிரி உணர்வு. கட்டின செலவு தகராறாகி கோர்ட் வரைக்கும் போச்சு. விளம்பரத்துல வர்ற கண்ணாடிச் சுவருக்குப் பாட்டி இந்த வீடுதான்.

பனி நாட்டுத் தீர்வு

1973-ல எண்ணெய் விலை எகிறினதும் மேற்கு நாடுகள் விழிச்சுக்கிட்டாங்க. ஜன்னல் வழியா சூடு ஓடிப்போகுது, அதாவது காசு ஓடிப்போகுது. ரெட்டைக் கண்ணாடி, நடுவுல காத்து அடைப்பு, கண்ணாடி மேல கண்ணுக்குத் தெரியாத உலோகப் பூச்சு, ஜெர்மனியில 1950களில் பிறந்த பிளாஸ்டிக் சட்டம் (நம்ம ஊர் யூபிவிசி) எல்லாம் இதுக்கப்புறம்தான் பரவலாச்சு. அருமையான இஞ்சினியரிங். ஆனா அங்கே கேள்வி, உள்ளே இருக்குற சூட்டை வெளியே விடாம எப்படி வெச்சுக்கிறதுங்கிறது. நம்ம கேள்வி நேர் எதிர்.

இங்கே நிறைய பேரு குழம்புற இடம் இது. சாதாரண கண்ணாடி, நேரா விழற வெயில் சூட்டுல ஏறத்தாழ 80 சதவீதத்தை உள்ளே விடும். பூச்சு இல்லாத ரெட்டைக் கண்ணாடி போட்டா அது 70 பக்கம் குறையும். அவ்வளவுதான்! சத்தம் குறையும், ஏசி குளிர் கொஞ்சம் தங்கும், ஆனா நேர் வெயிலுக்கு அது மருந்தில்லை. அதுக்கு வெயிலைத் தடுக்குற பூச்சு வேணும், இல்லைன்னா வெளியே நிழல் வேணும். உள்பக்கம் திரைச்சீலை போட்டா? சூடு ஏற்கெனவே வீட்டுக்குள்ள வந்து உட்கார்ந்தாச்சு.

ஒரு கணக்கு. 6 அடிக்கு 7 அடி மேற்குக் கண்ணாடி, கிட்டத்தட்ட 4 சதுர மீட்டர். சாயங்கால வெயில் சதுர மீட்டருக்கு 500 வாட்னு வெச்சுக்குவோம். 4 x 500 x 0.8 = 1600 வாட். ஒரு டன் ஏசி வெளியேத்தக்கூடிய சூடு 3500 வாட். ஆக ஏசியோட திறன்ல பாதிக்குக் கிட்ட அந்த ஒரு ஜன்னலுக்கே சரியாப் போகுது. சரி, மேல சன்ஷேட் இருக்கேன்னா, உச்சி வெயிலைத்தான் அது தடுக்கும். மேற்கு வெயில் சாய்ஞ்சு வர்றது, நேரா சன்ஷேடுக்குக் கீழே புகுந்து வரும்.

நம்ம ஊர்ல

நம்ம பழைய வீட்டு ஜன்னலை நினைச்சுப் பாருங்க. நெட்டுக் கம்பி, நாலு மரக்கதவு, மேல ரெண்டு கீழ ரெண்டு. கீழ் ரெண்டைச் சாத்திட்டு மேல் ரெண்டைத் திறந்தா தெருவுல போறவன் கண்ணு உள்ளே வராது, காத்தும் வெளிச்சமும் வரும். மத்தியானம் எல்லாத்தையும் சாத்திடலாம். வெளியே திண்ணை, தாழ்வாரம்னு நிழல். காத்து, வெளிச்சம், பார்வை மூணையும் தனித்தனியா கன்ட்ரோல் பண்ற மெஷின் அது, கண்ணாடியே இல்லாம. குறையும் உண்டு. கொசு வரும், சாத்தினா இருட்டு, மழைக்காலத்துல மரம் ஊதிக்கிட்டுக் கதவு சாத்தவே சாத்தாது. 'அந்தக் காலம் மாதிரி வருமா'ன்னு நான் புலம்ப வரலை.

லாரி பேக்கர் வேற வழி காட்டினார். பிறந்தது இங்கிலாந்து, வாழ்ந்து 2007-ல இறந்தது கேரளத்துல. ஜன்னல்னா மரச்சட்டம், கம்பி, கண்ணாடி, கொண்டின்னு சுவரை விடப் பல மடங்கு செலவு. எதுக்கு? செங்கலையே இடைவெளி விட்டு அடுக்கி ஜாலியாக் கட்டிட்டா காத்தும் வரும், கூசாத வெளிச்சமும் வரும், திருடனும் வர முடியாதுன்னார். திருவனந்தபுரத்துல 1970களில் அவர் கட்டின வளர்ச்சி ஆய்வு மையத்துல இன்னிக்கும் பார்க்கலாம்.

ஆனா ஊர் போன திசை வேற. 2000-ல ஸ்ரீபெரும்புதூர்ல செயின்ட் கோபெய்ன் மிதவைக் கண்ணாடித் தொழிற்சாலை வந்தது. தகரத்துல மிதக்குற அதே கண்ணாடி, நம்ம வாசல்லேயே. மரம் விலை ஏற ஏற அலுமினியம், அப்புறம் யூபிவிசி. அபார்ட்மென்ட்ல நிலையான ஜன்னல்னா ஸ்லைடிங்தான். பில்டருக்கு சுலபம், திரைச்சீலைக்குத் தொந்தரவில்லை, காத்துல அடிச்சுக்காது. ஒரே ஒரு விஷயம். ரெண்டு கதவு ஸ்லைடிங்ல எப்பவும் பாதிதான் திறக்கும். 20 சதுர அடி ஜன்னல்னு பிளான்ல இருந்தா காத்துக்கு 10 சதுர அடிதான். வெளிப்பக்கம் திறக்கிற கதவு ஜன்னல்னா கிட்டத்தட்ட 18 கிடைக்கும்.

இது சும்மா நுணுக்கம் இல்லை. 2018-ல மத்திய அரசு குடியிருப்புகளுக்காக எகோ நிவாஸ் சம்ஹிதான்னு ஒரு ஆற்றல் விதித் தொகுப்பு கொண்டுவந்தது. சென்னை மாதிரி வெப்பமும் ஈரப்பதமும் உள்ள ஊர்ல, வீட்டுத் தரைப்பரப்புல குறைஞ்சது 16.66 சதவீதம் அளவுக்கு வெளிப்பக்கம் *திறக்கிற* பரப்பு இருக்கணும்னு அதுல இருக்கு. அதாவது ஆறுல ஒரு பங்கு. 1000 சதுர அடி கார்பெட் ஏரியான்னா ஏறத்தாழ 167 சதுர அடி, பால்கனிக் கதவெல்லாம் சேர்த்து. கண்ணாடிப் பரப்பு இல்லை, திறக்கிற பரப்பு. கையில டேப் எடுத்து உங்க வீட்டை அளந்து பாருங்க. வீடு வாங்கப் போறவங்க மாடல் ஃபிளாட்லயே அளந்துடுங்க, ஏசியை நிறுத்தச் சொல்லிட்டு.

என் கவலை பணக்காரங்களைப் பத்தினது இல்லை. பெரிய கண்ணாடி வெக்கறவங்க பூச்சு போட்ட கண்ணாடியும் வாங்குவாங்க, நாலு ஏசியும் ஜெனரேட்டரும் வெச்சுக்குவாங்க. அதே தோற்றத்தை மலிவாக் காப்பி அடிச்ச 600 சதுர அடி ஃபிளாட் இருக்கு பாருங்க, அதுதான் பிரச்சினை. பூச்சு இல்லாத கண்ணாடி, பாதி திறக்கிற ஸ்லைடிங், ஒரே பக்கம் ஜன்னல், எதிர்ப்பக்கம் காத்து வெளியேற வழியில்லை. பாரிஸ் விடுதியில நடந்த அதே கதை: திட்டத்துல செலவு பிடிச்ச பாதியை வெட்டிட்டு கண்ணாடியை மட்டும் வெச்சுக்கறது. 2015 வெள்ளத்துலயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் சென்னையில பல ஏரியாவுக்கு நாள்கணக்குல கரண்ட் இல்லை. ஃபேனும் ஓடாத அந்த ராத்திரிகள்ல வீட்டுல இருக்குற வயசானவங்களுக்கும் கைக்குழந்தைக்கும் ஜன்னல் எவ்வளவு அழகுங்கிறது முக்கியமில்லை, எவ்வளவு திறக்கும்ங்கிறதுதான் முக்கியம்.

அப்போ கண்ணாடியே வேண்டாமா? வேணும். வடக்குப் பக்கம் தாராளமா வைங்க. நம்ம ஊர்ல சூரியன் வருஷத்துல சில மாசம் தலைக்கு வடக்கே போகும், ஆனா உயரத்துல இருக்கறதால ஒரு சின்ன சன்ஷேட் போதும். தெற்குக்கும் சன்ஷேட் கைகொடுக்கும். கிழக்கு மேற்குல கஞ்சத்தனமா இருங்க, வெச்சா வெளிப்பக்கம் மரமோ மூங்கில் தட்டியோ ஜாலியோ நிக்கட்டும். காத்து உள்ளே வர ஒரு பக்கம், வெளியே போக இன்னொரு பக்கம். காலதர்னு பேரு வெச்சவனுக்குத் தெரிஞ்ச விஷயம்தான்.

இங்கிலாந்துல ஜன்னல் வெச்சதுக்கு வரி கட்டினாங்க. நாம ஜன்னல் திறக்காததுக்குக் கட்டறோம், ரெண்டு மாசத்துக்கு ஒருதரம், கரண்ட் பில்லுல. அங்கே மாதிரியே இதையும் தீர்மானிக்கிறவன் கட்டடக்காரன், கட்டுறவன் குடியிருக்கிறவன்.

சரி, உங்க வீட்டு ஜன்னல் எந்தத் திசை, எவ்வளவு திறக்கும்? அளந்துட்டு வந்து பின்னூட்டத்துல சொல்லுங்க. ஆறுல ஒரு பங்கு தேறுதான்னு பார்ப்போம்.